சொந்தப் பொறுப்பில்: அமெரிக்கா முதல் உலகப் போருக்குள் இழுக்கப்பட்ட விதம், 1914–1917

1915 மே 1, சனிக்கிழமை. நியூயார்க் நாளிதழ்களில் கப்பல் பயண விளம்பரங்கள் வரும் பக்கம். பிரிட்டனின் குனார்ட் நிறுவனத்தின் விளம்பரத்தில் அன்று புறப்படப்போகும் பயணிகள் கப்பலின் பெயர் இருக்கிறது: லூசிடானியா. அதை ஒட்டியே கட்டம் கட்டி இன்னொரு அறிவிப்பு. அதை வெளியிட்டது வாஷிங்டனில் இருந்த ஜெர்மன் தூதரகம். ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் போர் நடக்கிறது, பிரிட்டிஷ் தீவுகளைச் சுற்றியுள்ள கடலும் போர்ப் பகுதிதான், பிரிட்டிஷ் கொடியோடு வரும் கப்பல்கள் அங்கே அழிக்கப்படலாம் என்று சொல்லிவிட்டு, அவற்றில் பயணம் செய்கிறவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் செய்கிறார்கள் என்று அது முடிகிறது.

ஆறு நாள் கழித்து, மே 7 பிற்பகல், அயர்லாந்தின் தென்கரைக்கு அருகே யு-20 என்ற நீர்மூழ்கிக் கப்பல் விட்ட ஒரே டார்பிடோவில் லூசிடானியா 18 நிமிடங்களில் மூழ்கியது. 1,198 பேர் இறந்தார்கள். அவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள்.

அமெரிக்கா ஏன் முதல் உலகப் போரில் இறங்கியது என்று கேட்டால் பலர் லூசிடானியாவைச் சொல்வார்கள். சிலர் மெக்சிகோவைத் துணைக்கு அழைத்து ஜெர்மனி அனுப்பிய ஜிம்மர்மன் தந்தியைச் சொல்வார்கள். இரண்டுமே பெரிய நிகழ்வுகள்தான். ஆனால் லூசிடானியா மூழ்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அமெரிக்கா வெளியேதான் நின்றது. தந்தி வெளியானபோது தூதரக உறவு ஏற்கெனவே முறிந்திருந்தது. தேதி வரிசையில் அரசுக் கடிதங்களைப் படித்துக்கொண்டு வந்தால் விஷயம் இன்னும் முன்னாடியே தொடங்குகிறது. என் கணிப்பில் அந்த நாள் 1915 பிப்ரவரி 10. அன்று ஒரு குண்டும் வெடிக்கவில்லை. வாஷிங்டனிலிருந்து பெர்லினுக்கு ஒரு கடிதம் போனது, அவ்வளவுதான்.

முதல் சில மாதங்கள்

1914 ஆகஸ்ட் 4 அன்று அதிபர் வுட்ரோ வில்சன் நடுநிலையை அறிவித்தார். இரண்டு வாரம் கழித்து மக்களுக்கு விடுத்த செய்தியில், செயலில் மட்டுமல்ல, எண்ணத்திலும் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்குத் தேவை இருந்தது. அன்றைய அமெரிக்கர்களில் மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர், அல்லது அப்படிப் பிறந்த ஒருவரின் பிள்ளை. ஜெர்மன் வழியினர் லட்சக்கணக்கில். பிரிட்டன் மேல் தீராத கோபம் கொண்ட ஐரிஷ் வழியினர் ஒரு பக்கம். ஐரோப்பாவில் ஒரு தரப்பை ஆதரித்தால் அதே சண்டை சொந்த வீதிகளில் மூளும் என்ற அச்சம் உண்மையானது.

சரி, நடுநிலை என்று அறிவித்தாயிற்று. வியாபாரம்? 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்பாட்டின்படி நடுநிலை நாட்டின் தனியார் நிறுவனங்கள் போரிடும் நாடுகளுக்கு ஆயுதமே விற்கலாம். சட்டப்படி இரு தரப்புக்கும் கடை திறந்திருந்தது. ஆனால் கடைக்கு வரும் பாதை பிரிட்டிஷ் கடற்படையின் கையில் இருந்தது. போர் தொடங்கிய உடனேயே கடலுக்கடியில் ஓடிய ஜெர்மனியின் தந்தி வடங்களைப் பிரிட்டன் அறுத்தது. நவம்பரில் வடகடல் முழுவதையும் ராணுவப் பகுதி என்று அறிவித்தது. எதிரிக்குப் போகவிடாமல் பறிக்கலாம் என்ற தடைச் சரக்குப் பட்டியல் நீண்டுகொண்டே போய் உணவும் அதற்குள் வந்தது. நடுநிலைக் கப்பல்களை மறித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதனை போட்டார்கள். இதில் பலவும் அன்றைய கடற்போர்ச் சட்டத்துக்குப் பொருந்தாதவை.

அமெரிக்கா கண்டித்தது. 1914 டிசம்பரில் ஒரு கடிதம், 1915 அக்டோபரில் இன்னும் நீளமாக ஒன்று. பிரிட்டன் பொறுமையாகப் பதில் எழுதியது, தாமதித்தது, சில சரக்குகளுக்குக் காசும் கொடுத்தது. 1915 ஆகஸ்டில் பருத்தியைத் தடைப் பட்டியலில் சேர்த்தபோது, தென் மாநில விவசாயிகள் கொதித்துவிடக் கூடாது என்று விலை சரியாத அளவுக்குத் தானே பருத்தி வாங்க ஏற்பாடு செய்தது. நஷ்டம் பணத்தில் இருந்தது, பணத்தால் சமாதானம் செய்ய முடிந்தது. மிச்சக் கணக்கைப் போர் முடிந்த பிறகு பேசித் தீர்க்கலாம் என்று அமெரிக்காவும் விட்டுவைத்தது.

கடன் வந்த வழி

போர் தொடங்கியபோது அமெரிக்கப் பொருளாதாரம் மந்தத்தில் இருந்தது. நியூயார்க் பங்குச் சந்தை 1914 ஜூலை 31 அன்று மூடி நான்கு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. ஆகஸ்டில் ஜே.பி. மார்கன் நிறுவனம் பிரான்சுக்குக் கடன் கொடுக்கலாமா என்று கேட்டது. வெளியுறவுச் செயலர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் மறுத்தார். மற்ற எல்லாத் தடைச் சரக்குகளையும் விட மோசமானது பணம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அது வாங்கித் தரும் என்பது அவருடைய வாதம். கடன் கொடுத்தவன் யார் ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பான் என்பதை அவர் முன்கூட்டியே பார்த்தார்.

அந்தத் தடை நிற்கவில்லை. அக்டோபரிலேயே, 'கடன்' வேறு, வியாபார வசதிக்கான 'தவணை' வேறு என்று ஒரு வேறுபாடு சொல்லி வழி திறக்கப்பட்டது. 1915 ஜனவரியில் மார்கன் பிரிட்டிஷ் அரசின் கொள்முதல் முகவரானது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சேர்த்து 50 கோடி டாலர் கடன், வெளிப்படையாகவே. 1917 ஏப்ரலுக்குள் பிரிட்டன், பிரான்ஸ் தரப்பான நேச நாடுகளுக்குப் போன அமெரிக்கக் கடன் சுமார் 230 கோடி டாலர். ஜெர்மனிக்குப் போனது 3 கோடியைக்கூடத் தொடவில்லை. வியாபாரமும் அப்படியே: நேச நாடுகளுடனானது 1914-லிருந்து 1916-க்குள் பல மடங்கு பெருக, ஜெர்மனியுடனானது ஏறக்குறைய காய்ந்தே போனது.

வங்கிக்காரர்கள்தான் நாட்டைப் போருக்குள் தள்ளினார்கள் என்று 1930-களில் பெரிய குற்றச்சாட்டு எழுந்தது. செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் விசாரணைக் குழுவே அமைந்தது. நான் அந்தக் கட்சி இல்லை. போட்ட பணத்துக்காக வில்சன் படை அனுப்பினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. சொல்லப்போனால் 1916 நவம்பர் இறுதியில் அமெரிக்க மத்திய வங்கி வாரியம், நேச நாடுகளின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை வாங்க வேண்டாம் என்று வங்கிகளை எச்சரித்தது. அதற்கு வில்சனின் ஆதரவும் இருந்தது. பணத்தின் விளைவு வேறு இடத்தில் தெரிந்தது. பெர்லினிலிருந்து பார்த்தால் அமெரிக்கா ஏற்கெனவே எதிரியின் கிடங்காகத் தெரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

பிப்ரவரி 10 கடிதம்

பிரிட்டிஷ் முற்றுகைக்குப் பதிலாக, 1915 பிப்ரவரி 4 அன்று ஜெர்மனி பிரிட்டிஷ் தீவுகளைச் சுற்றிய கடலைப் போர்ப் பகுதி என்று அறிவித்தது. பிப்ரவரி 18 முதல் அங்கே வரும் எதிரி வணிகக் கப்பல்கள் அழிக்கப்படும், நடுநிலைக் கப்பல்களும் தவறுதலாகத் தாக்கப்படலாம் என்றது.

இங்கே பழைய சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். போர்க் கப்பல் ஒன்று எதிரியின் வணிகக் கப்பலைக் கண்டால் நிறுத்தச் சொல்ல வேண்டும், ஏறிச் சோதிக்க வேண்டும், மூழ்கடிப்பதானால் உள்ளே இருப்பவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பெரிய பீரங்கிக் கப்பல்களுக்கு இது முடியும். நீர்மூழ்கியோ மேலே வந்தால் நோஞ்சான். வணிகக் கப்பலில் ஒளித்து வைத்த ஒரு பீரங்கி போதும், அதை உடைத்துவிடும். பிரிட்டன் அப்படிப்பட்ட பொறிக் கப்பல்களை அனுப்பவும் செய்தது. மேலே வந்தால் சாவு, அடியிலிருந்து அடித்தால் சட்டமீறல். சட்டம் எழுதியவர்கள் கனவிலும் காணாத ஆயுதம் அது.

இந்த நிலையில் வாஷிங்டன் பிப்ரவரி 10 அன்று பதில் எழுதியது. அமெரிக்கக் கப்பலோ அமெரிக்க உயிரோ அழிந்தால் ஜெர்மன் அரசை அதற்குக் கண்டிப்பாகப் பொறுப்பாக்குவோம், குடிமக்கள் தங்கள் உரிமையை முழுமையாக அனுபவிக்கத் தேவையான எந்த நடவடிக்கையையும் எடுப்போம் என்றது அந்தக் கடிதம்.

படிக்க நியாயமாக இருக்கிறது. எந்த அரசும் தன் மக்களைப் பற்றி இப்படித்தான் பேசும். ஆனால் அந்த உரிமை எதுவரை நீள்கிறது என்பது கடிதத்தில் தெளிவாகவில்லை. அமெரிக்கக் கப்பலைக் காப்பது ஒன்று. போரிடும் நாட்டுக் கொடி பறக்க, தோட்டாப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போர்ப் பகுதிக்குள் போகும் கப்பலில் ஏறிய அமெரிக்கரையும் காப்பது இன்னொன்று. லூசிடானியாவின் சரக்கில் சுமார் 42 லட்சம் துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்தன. கப்பல் மூழ்கிய பிறகு வில்சன் எடுத்த நிலை இரண்டாவதையும் சேர்த்துக்கொண்டது. வாக்கு அங்கே நிலைத்துவிட்டது. அதற்கப்புறம் போரா அமைதியா என்ற கேள்வி வெள்ளை மாளிகையில் மட்டும் இல்லை. அட்லாண்டிக்கின் அடியில் பெரிஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒரு இளம் மாலுமி அதிகாரியின் கையிலும் இருந்தது.

வில்சனுக்கே இது தெரிந்திருந்தது. ஏதோ ஒரு சின்ன ஜெர்மன் லெப்டினன்ட் திட்டமிட்டு ஒரு கொடுமை செய்தால் போதும், நம்மை எந்த நேரமும் போருக்குள் தள்ளிவிடலாம் என்று அவர் 1916-இல் சொன்னதாகக் கடற்படைச் செயலர் ஜோசபஸ் டேனியல்ஸ் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

பிரையன் கேட்டது

லூசிடானியாவுக்குப் பிறகு பிரையன் வாதாடியதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவர் கோழையாகப் பேசவில்லை. ஒரே அளவுகோல் வையுங்கள் என்றார். பிரிட்டன் முற்றுகையையும் அதே கடுமையோடு கண்டியுங்கள், ஜெர்மனியுடனான கணக்கையும் போர் முடிந்து தீர்ப்போம் என்று விட்டுவையுங்கள், போரிடும் நாடுகளின் கப்பலில் ஏற வேண்டாம் என்று நம் மக்களிடமே சொல்லுங்கள் என்றார். தடைச் சரக்கு ஏற்றிய கப்பல் பயணிகளை நம்பித் தப்பிக்கப் பார்ப்பது, படைக்கு முன்னால் பெண்களையும் குழந்தைகளையும் நிறுத்துவது போன்றது என்று வில்சனுக்கு எழுதினார்.

வில்சன் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பிரிட்டன் சரக்கைப் பறித்தது, ஜெர்மனி உயிரைப் பறித்தது. பருத்திக்குப் பிற்பாடு காசு கொடுக்கலாம். கடலில் போன குழந்தைக்கு என்ன கொடுப்பது? இந்த வேறுபாடு பெரியது, சும்மா சொன்ன சாக்கு இல்லை. ஆனால் அந்த உயிர்களைக் காக்க இரண்டு வழிகள் இருந்தன. ஜெர்மனியை மிரட்டுவது ஒன்று. ஏறாதே என்று சொந்த மக்களிடம் சொல்வது மற்றொன்று. முதல் வழி மட்டுமே எடுக்கப்பட்டது. லூசிடானியா தொடர்பான இரண்டாவது கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்து 1915 ஜூனில் பிரையன் பதவி விலகினார். நேச நாடுகள்மேல் சாய்வுள்ள ராபர்ட் லான்சிங் அந்த நாற்காலிக்கு வந்தார்.

இன்னொரு முறையும் கதவு திறந்தது. 1916 தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் கோர், மெக்லமோர் என்ற உறுப்பினர்கள் இருவரும், போரிடும் நாடுகளின் ஆயுதம் தாங்கிய கப்பல்களில் அமெரிக்கர் பயணிப்பதற்கு எதிராகத் தீர்மானங்கள் கொண்டுவந்தார்கள். கீழவையில் ஆதரவு பெருகியது. வில்சன் முழு பலத்தோடு எதிர்த்தார். ஒரே ஒரு உரிமையை விட்டுக்கொடுத்தாலும் சர்வதேசச் சட்டம் என்ற அழகான துணி நம் கையிலேயே துண்டு துண்டாகக் கிழிந்துவிடும் என்று செனட்டர் ஸ்டோனுக்கு எழுதினார். மார்ச்சில் இரண்டு தீர்மானங்களும் ஓரங்கட்டப்பட்டன. அதே மாதம் 24-ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயில் சசெக்ஸ் என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் டார்பிடோவால் அடிபட்டது.

இந்தத் தடவை வில்சன், நிறுத்தாவிட்டால் உறவு முறியும் என்று கெடு வைத்தார். மே 4 அன்று ஜெர்மனி இறங்கி வந்தது: எச்சரிக்காமல், உயிர்களைக் காப்பாற்றாமல் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்க மாட்டோம். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை. பிரிட்டனும் சட்டப்படி நடக்க அமெரிக்கா ஆவன செய்ய வேண்டும், இல்லையென்றால் முடிவை மாற்றும் சுதந்திரம் தங்களுக்கு உண்டு. வில்சன் வாக்குறுதியை ஏற்றுக்கொண்டு நிபந்தனையை ஒதுக்கிவிட்டார். எங்கள் உரிமை இன்னொரு அரசின் நடத்தையைச் சார்ந்தது அல்ல என்று பதில் போனது. வெற்றிதான். ஒன்பது மாத அமைதியும் கிடைத்தது. நவம்பரில், நம்மைப் போரிலிருந்து காத்தவர் என்ற முழக்கத்தோடு தேர்வாளர் வாக்குகளில் 277-க்கு 254 என்ற கணக்கில் மீண்டும் அதிபரானார்.

பெர்லின் போட்ட கணக்கு

1916 டிசம்பரில் ஜெர்மன் கடற்படைத் தலைமை அதிகாரி ஹோல்ட்சென்டார்ஃப் ஓர் அறிக்கை தயாரித்தார். மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்து மாதத்தில் பிரிட்டன் சமாதானத்துக்கு வரும் என்பது கணக்கு. அமெரிக்கா போரில் இறங்கும் அபாயம் அதில் மறைக்கப்படவில்லை. இறங்கினாலும் படை திரட்டி, கப்பலேற்றி, ஐரோப்பாவில் இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினார்கள். 1917 ஜனவரி 9 அன்று பிளெஸ் அரண்மனையில் ஜெர்மன் பேரரசர் கெய்சர் முன்னிலையில் முடிவானது.

நான் மேலே விட்டுவைத்த பணக் கதை இங்கேதான் சேருகிறது. அமெரிக்கா நடுநிலையாக இருப்பதால் ஜெர்மனிக்கு என்ன லாபம்? தானியமும் பருத்தியும் ஜெர்மனிக்கு வரவில்லை, கடனும் இல்லை. எதிரிக்குத் தோட்டா, எஃகு, கோதுமை, டாலர் எல்லாம் போகின்றன. அப்படிப்பட்ட நாடு போர் அறிவித்தால் கூடுதலாக என்ன செய்துவிடும் என்று ஜெர்மன் தளபதிகள் நினைத்தார்கள். இழப்பதற்கு ஏதாவது இருந்திருந்தால் அவர்கள் தயங்கியிருப்பார்கள். கொடுமை என்னவென்றால், சரியாக அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் பொருள் வாங்கப் பிரிட்டனிடம் டாலர் வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் சில மாதம் பெர்லின் பொறுத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜனவரி 22 அன்று வில்சன் செனட்டில் வெற்றியில்லாத சமாதானம் வேண்டும் என்று பேசினார். ஜனவரி 31 அன்று ஜெர்மன் தூதர், மறுநாள் முதல் வரம்பில்லாத நீர்மூழ்கிப் போர் என்று அறிவிப்பைக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய வாக்கு இப்போது வட்டியோடு வந்து நின்றது. பிப்ரவரி 3 அன்று உறவு முறிந்தது.

அரிசோனா, நான்கு துண்டுகளாக

ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் ஜிம்மர்மன் ஜனவரி 16 அன்று அனுப்பிய தந்தி போன பாதையைப் பாருங்கள். ஜெர்மனியின் வடங்கள் அறுபட்டிருந்ததால், சமாதானப் பேச்சுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அமெரிக்காவின் சொந்தத் தூதரகத் தந்தி வழியில் ஜெர்மனி சங்கேதச் செய்தி அனுப்ப வில்சன் அனுமதித்திருந்தார். அந்த நல்லெண்ணத்தின் மேலேறித்தான், அமெரிக்காவுடன் போர் வந்தால் மெக்சிகோவைத் துணைக்கு அழைத்து, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா மூன்றையும் திரும்பப் பெற உதவுவோம் என்ற செய்தி வாஷிங்டனுக்கே வந்து, அங்கிருந்து மெக்சிகோ நகருக்குப் போனது.

பிரிட்டிஷ் கடற்படையின் சங்கேதம் உடைக்கும் பிரிவான 40-ஆம் எண் அறையில் அதை உடைத்தார்கள். விடுவித்த தாளில் எண் வரிசைகள், பக்கத்தில் ஜெர்மன் சொற்கள். டெக்சாசுக்கு ஒரே எண். அரிசோனாவுக்குச் சங்கேத நூலில் எண்ணே இல்லை. அதனால் ஏஆர், ஐஇசட், ஓஎன், ஏ என்று நான்கு துண்டாக உடைத்து எழுதியிருந்தார்கள். மார்ச் 1 அன்று அமெரிக்க நாளிதழ்களில் தந்தி வெளியானது. போலி என்று பலர் சொன்னார்கள். மார்ச் 3 அன்று ஜிம்மர்மனே அது தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். கடல் உரிமை பற்றிய வழக்கு அதுவரை கிழக்குக் கரைக்காரர்களின் கவலையாகவே இருந்தது. மேற்கு மாநிலங்களுக்கு அது வீட்டு வாசல் விஷயமானது அந்த நாளில்தான்.

மார்ச் 15 அன்று ரஷ்ய ஜார் பதவி துறந்தார். 16 முதல் 18 வரை விஜிலன்சியா, சிட்டி ஆஃப் மெம்ஃபிஸ், இல்லினாய் என்று மூன்று அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கின. 20-ஆம் தேதி அமைச்சரவையில் ஒருவர்கூட மாற்றுக் கருத்து சொல்லவில்லை. ஏப்ரல் 2 மாலை, மழைத் தூறலில், போர் அறிவிக்கக் கேட்டு வில்சன் காங்கிரசுக்குப் போனார். 4-ஆம் தேதி செனட்டில் போர்த் தீர்மானம் 82-க்கு 6 என்று நிறைவேறியது. கடன் கொடுத்தவர்களுக்காகப் போகும் போர் இது, கொடிமேல் டாலர் குறி போடப் போகிறோம் என்று செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் பேசினார். 6-ஆம் தேதி கீழவையில் 373-க்கு 50. 1918 நவம்பரில் போர் நின்றபோது, கணக்கில் வந்த அமெரிக்கப் படையினரின் சாவு 1,16,000-க்கு மேல். பாதிக்கு மேற்பட்டவர்கள் நோயில் இறந்தவர்கள்.

நார்வே

ஒரு ஒப்பீடு இல்லாமல் இந்த ஆய்வு நிறைவு பெறாது. நடுநிலையாக இருந்த நார்வே அந்தப் போரில் தன் வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ பாதியை இழந்தது. சுமார் 2,000 நார்வே மாலுமிகள் கடலில் இறந்தார்கள், அமெரிக்கா அதன் நடுநிலைக் காலத்தில் இழந்ததைவிடப் பல மடங்கு. இருந்தும் நார்வே போரில் இறங்கவில்லை. சின்ன நாடு, இறங்கினால் நசுங்கிவிடும் என்பது ஒரு காரணம்தான். ஆனால் அடி விழுந்ததால்தான் ஒரு நாடு போருக்குப் போகிறது என்றால் முதலில் போயிருக்க வேண்டியது நார்வே. ஓர் எல்லை கடந்தால் இன்னது செய்வோம் என்று உலகத்தின் முன்னால் நார்வே வாக்குக் கொடுத்திருக்கவில்லை. இழப்பைத் தாங்கிக்கொண்டு, நேச நாடுகளோடு வியாபார ஒப்பந்தம் செய்துகொண்டு, வெளியேயே நின்றது.

அமெரிக்காவும் பிற்பாடு தன் சட்டத்தை மாற்றியது. இத்தாலி அபிசீனியாவை (இன்றைய எத்தியோப்பியா) தாக்கத் தயாராகிக்கொண்டிருந்த 1935 ஆகஸ்டின் கடைசி நாளில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நடுநிலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு போரிடும் நாடுகளுக்குக் கடன் கொடுப்பதும் தடையானது. பிரையன் அப்போது உயிருடன் இல்லை, 1925-லேயே இறந்துவிட்டார். 1935 சட்டத்தில் போரிடும் நாடுகளின் கப்பல்களில் ஏறும் அமெரிக்கர்களைப் பற்றி ஒரு பிரிவு உண்டு. அதிபர் அறிவித்த பிறகு அப்படிப் பயணிக்கிறவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில்தான் பயணிக்க வேண்டும் என்கிறது அது.